மழையில் கைமாறிய டிக்கெட்

கண்ணாடியை யாரோ தட்டினார்கள்...

லினெட் திடுக்கிட்டுத் திரும்பினாள். காருக்கு வெளியே ஒரு பச்சைக் கோட்டு. கோட்டின் தொப்பிக்குள் ஒரு முகம். அந்த முகத்தில் இரண்டு சாம்பல் நிறக் கண்கள்... இமையில் நின்ற மழைத்துளி விழலாமா, இன்னும் கொஞ்சம் இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. யாராயிருந்தாலும் யோசிக்கத்தான் செய்வார்கள், அப்படிப்பட்ட கண்கள்.

பத்து நிமிஷமாக அவள் காருக்குள் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள். ஆல்டன்ஷா நகரின் பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தனியார் பார்க்கிங்கில் டிக்கெட் இயந்திரம் சில்லறை தவிர எதையும் வாங்காது. பின் சீட்டில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒன்பது நூலகப் புத்தகங்கள். எதிர் அடுக்குமாடியில், வெளியே வர முடியாத மூன்று வாசகர்கள் காத்திருந்தார்கள். வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகும் இந்த வேலையில் சேர்ந்து லினெட்டுக்கு இன்னும் ஆறு மாதம் முடியவில்லை. முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

கண்ணாடியை இறக்கினாள். மழை முதலில் உள்ளே வந்தது. பிறகு ஒரு கை. கையில் ஒரு டிக்கெட்.

"இதை... எழுத்துக்கோங்க. ழெண்டு மணி நேழம் இழுக்கு..."

குடித்திருக்கிறானோ? இல்லை. இடது கன்னம் வீங்கி, உதடு ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. பல் பிடுங்க மருந்து போட்டு வாய் மரத்திருக்கிறது, பாவம். சிரிக்க முயன்றான். பாதிச் சிரிப்புதான் வந்தது. மீதிப் பாதியைக் கண்கள் சிரித்தன.

"உங்களுக்கு வேணாமா?"

"நான் கிழம்பிட்டேன்."

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். கிளம்பும்போது டிக்கெட்டில் நேரம் மீதி இருந்தால், அடுத்து வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. லினெட் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சட்டென்று அதைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, "ரொம்ப தேங்க்ஸ்" என்றாள்.

அவன் மழையில் ஓடிப்போய்விட்டான். அன்று முழுக்க அவளுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது... முப்பது வயதில் இதென்ன அசட்டுத்தனம்?

அசட்டுத்தனத்துக்கு விலை பன்னிரண்டாம் நாள் தபாலில் வந்தது.

கார் நூலகத்துடையது. அதனால் கடிதமும் நூலகத்துக்கே வந்தது. தலைமை நூலகர் மிஸஸ் டக்வர்த் அதை டீ நேரத்தில் பிரித்தாள். நல்லவள்தான். ஆனால் எந்தக் காகிதத்தையும் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் அவளுக்கு.

"வேறொரு வாகனத்துக்கு வாங்கிய டிக்கெட்டை முறைகேடாகப் பயன்படுத்தியதற்காக... நூறு பவுண்டு..." மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "லினெட், இது உன் வண்டிதானே?"

டிக்கெட்டில் வண்டி நம்பரின் கடைசி மூன்று இலக்கம் அச்சாகியிருக்குமாம். காவலாள் படம் எடுத்திருக்கிறான். நம்பர் வேறு, வண்டி வேறு. அந்த பார்க்கிங்கில் டிக்கெட் கைமாறக் கூடாதாம், பலகையில் எழுதியிருக்கிறதாம்.

"ஒருத்தர் கொடுத்தார். எனக்கு... எனக்கு அதெல்லாம் தெரியாது மிஸஸ் டக்வர்த். நம்பரை நான் பார்க்கல."

"முறைகேடுன்னு போட்டிருக்கானே லினெட். நூலகத்து வண்டி. நூலகத்துப் பேர். உன் வேலையை நிரந்தரம் பண்ணலாமான்னு முடிவு பண்ண வேண்டிய நேரத்துல இப்படி ஒண்ணு வந்தா நான் என்ன பண்றது?"

அறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் தங்கள் தேநீர்க் கோப்பைக்குள் ஏதோ விழுந்துவிட்டது போலப் பார்த்தார்கள். ஒருத்தி பிஸ்கட் தட்டை மெல்ல லினெட் பக்கம் நகர்த்தினாள். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்... பிஸ்கட் கொடுத்துவிட்டார்கள். காதுமடல் கொதிக்க எழுந்து போய், அன்றே அப்பீல் எழுதினாள்.

அந்த அப்பீல் நேராகப் போய்ச் சேர்ந்த இடம், சாம்பல் நிறக் கண்களுக்குச் சொந்தக்காரனின் மேஜை.

ஆமாம். காரெத் அந்த பார்க்கிங் கம்பெனியில்தான் வேலை பார்த்தான். ஒரு நாளைக்கு அறுபது அப்பீல் வரும். பதில் சொல்லப் பன்னிரண்டு மறுப்புக் கடிதங்கள் தயாராக இருக்கும். ஆறாம் எண், உடம்பு சரியில்லை என்பவர்களுக்கு. ஏழாம் எண், டிக்கெட் கைமாற்றியவர்களுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் 'மிஸஸ் பி. ஹாலோவே' என்று கையெழுத்து. அப்படி ஒருத்தி அந்தக் கட்டிடத்திலேயே கிடையாது. ஒரு பெண்பிள்ளை பேர் இருந்தால் ஜனங்கள் ரொம்பத் திட்ட மாட்டார்கள் என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஏழாம் எண்ணை வாரத்தில் நூறு பேருக்கு அனுப்புகிறவன், அன்று மழையில் தானே டிக்கெட்டைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான்! ஏன் கொடுத்தான்? கார் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், பையைக் கவிழ்த்து, சீட்டுக்கடியில் தலையை விட்டு, நிமிர்ந்து, நெற்றியில் விழுந்த முடியை ஊதித் தள்ளினாள். அவ்வளவுதான். புத்தி பின்னால் நின்றுவிட்டது, கை முன்னால் போய்விட்டது.

இப்போது அவள் கடிதம் கையில் இருந்தது. '...அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு குழறியது. ஆனால் சமீபத்தில் நான் பார்த்தவர்களிலேயே நல்ல மனிதர் அவர். இதனால் அவருக்கு எந்தத் தொந்தரவும் வரக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் என் வேலை போகும் நிலைமையில் இருக்கிறது...'

காரெத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. ரத்து செய்யலாம். ஆனால் ரத்துக்குக் காரணம் எழுத வேண்டும். எழுதினால் மேலாளர் டிக்கெட்டின் நம்பரைத் தேடுவான். நம்பர், காரெத்தின் சொந்தக் கார். சொந்தக் கம்பெனி டிக்கெட்டைக் கைமாற்றிய ஊழியனுக்கு அங்கே ஒரு நாள்கூட இடம் கிடையாது. அரை மணி நேரம் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

பிறகு ஏழாம் எண்ணை அழுத்தினான். அன்று மதியம் அவனால் சாப்பிட முடியவில்லை.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனான். உண்மையைச் சொல்லத்தான் போனான், சத்தியமாக. ஆனால் பச்சைக் கோட்டை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, வேறு கோட்டு போட்டுக்கொண்டு போனான். சொல்லப் போகிறவன் கோட்டை ஏன் மாற்ற வேண்டும்? அந்தக் கேள்வியை அவன் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

வாசல் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'மூன்றாம் தேதி மழையில் எனக்கு டிக்கெட் கொடுத்த பச்சைக் கோட்டுக்காரருக்கு. தயவுசெய்து வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. லினெட், நூலகம்.'

"என்ன புக் வேணும் உங்களுக்கு?"

திரும்பினான். அவள்தான். அவன் கன்னத்தில் இப்போது வீக்கம் இல்லை, பேச்சில் குழறல் இல்லை. மழையில், தொப்பிக்குள் ஒரு நிமிஷம் பார்த்த முகம் அது என்று அவளுக்குத் தெரியவில்லை... கதவுக்கு உள்ளே தெரிந்த பின்னல் புத்தக அலமாரிதான் அவன் கண்ணில் பட்டது.

"பின்னல்."

"பின்னலா? யாருக்குப் பின்னப் போறீங்க?"

"எனக்கேதான். சாக்ஸ்."

"ரெண்டு காலுக்குமா, இல்ல ஒண்ணு மட்டுமா?"

"முதல்ல ஒண்ணு. வந்தா இன்னொண்ணு."

அவள் சிரித்துவிட்டாள். தொலைந்தான். அதையும் சேர்த்து நாலு சனிக்கிழமை போனான்.

"என்ன, சாக்ஸ் எது வரைக்கும் வந்திருக்கு?" என்பாள்.

"பெருவிரல் வரைக்கும்."

"ஒரு வாரமாவா? உங்க கால் அவ்வளவு பெருசா?"

"ஊசி எனக்கு அடங்க மாட்டேங்குது."

"புக்கைத் தலைகீழா வெச்சுப் படிச்சிருப்பீங்க."

இப்படிப் பேசிக்கொண்டே இருப்பார்கள்... புத்தகத்தை வாங்கும்போது விரல்நுனி பட்டுவிடும், இருவரும் ஒரே நேரத்தில் 'சாரி' சொல்வார்கள். மூன்றாவது வாரம் அவள் பார்க்கிங் கதையையும் சொன்னாள். அவனிடம் அவளுக்கு எல்லாமே சொல்லத் தோன்றியது.

"ஹாலோவேன்னு ஒரு பொம்பளை பதில் போட்டிருக்கா. கல்லு மனசு. பத்துப் பூனை வளர்ப்பான்னு நினைக்கிறேன். ஒண்ணுகூட அவ மடியில உக்காராது."

"பாவம்... அவங்களுக்கும் ஏதாவது பயம் இருந்திருக்கும்."

"நீங்க ஏன் அவளுக்குப் பரிஞ்சு பேசறீங்க? உங்க அத்தையா?"

காரெத் சிரித்தான். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் விளக்கை அணைத்தான்.

கம்பெனி மறுத்தால் வெளியே பொதுவான நடுவரிடம் ஒரு தடவை முறையிடலாம். அதற்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் சாயங்காலம் நூலகம் மூடுகிற நேரத்தில் காரெத் வந்தபோது, லினெட் பலகையிலிருந்து அந்த அறிவிப்பை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் வரல" என்றாள். "சாட்சி இல்லாம அப்பீல் நிக்காதாம். நானே வேலையை விட்டுட்டா கவுரவமா இருக்கும்னு மிஸஸ் டக்வர்த் சொன்னாங்க. சரின்னுட்டேன்."

"லினெட்..."

"வேணும்னே செஞ்சிருப்பாரோன்னு எல்லாரும் கேக்கறாங்க. இல்லவே இல்லைன்னு சொன்னேன். அந்தக் கண்ணு பொய் சொல்லாது."

காரெத்தால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"அது நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை.

"பச்சைக் கோட்டு... நான்தான். பல் பிடுங்கி வாய் மரத்திருந்துது. அப்புறம்..." அவள் கையிலிருந்த அறிவிப்பைப் பார்த்தான். "ஹாலோவேயும் நான்தான். அங்கதான் வேலை பார்க்கிறேன். உங்க கடிதத்துக்குப் பதில் போட்டது நான். வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

மழை பிடித்துக்கொண்டது. அறிவிப்புக் காகிதம் அவள் கையில் நனைந்தது.

"எத்தனை சனிக்கிழமை வந்தீங்க?" சின்னக் குரலில் கேட்டாள்.

"நாலு."

"நாலு நாளும் இந்தப் பலகையைத் தாண்டித்தானே உள்ள வந்தீங்க?"

"ஆமா."

"உக்கார்ந்து சாக்ஸ் பேசியிருக்கோம்." "போங்க காரெத். இப்ப உங்ககூடப் பேசினா எனக்கு அழுகை வரும். உங்க முன்னாடி அழ எனக்குப் பிடிக்கல."

அவன் போய்விட்டான். லினெட் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அழுதாள். கோபம்தான். ஆனால் கோபத்துக்கு அடியில் இன்னொன்று முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது... அவனைத் திட்ட உனக்கு என்னடி யோக்கியதை?

வெள்ளிக்கிழமை நண்பகல். நூலகத்தில் பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லாம் பத்திரிகை படிக்கிறவர்கள், ரேடியேட்டர் பக்கம் கதகதப்புக்கு உட்கார்ந்திருக்கிறவர்கள். காரெத் நேராக வந்து கவுண்டர் முன்னால் நின்றான்.

"மிஸஸ் டக்வர்த்கிட்டப் பேசணும்."

"நான்தான். என் அறைக்கு வாங்களேன்" என்றாள் டக்வர்த்.

"வேணாம். லினெட்டை எல்லார் முன்னாடியும்தான் கேட்டீங்கன்னு சொன்னாங்க. நானும் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

சத்தமே போடக் கூடாத இடம் அது. அவன் சத்தமாகச் சொன்னான். டிக்கெட் கொடுத்தது, கடிதம் வந்தது, ஏழாம் எண், இல்லாத ஹாலோவே, மாற்றிப் போட்ட கோட்டு, சாக்ஸ்... ஒன்றையும் விடவில்லை. காது சிவந்து, குரல் இரண்டு தடவை உடைந்தது. கேட்டவர்கள் எல்லோரும் பத்திரிகையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை.

"காலையில ஆபீஸ்லயும் சொல்லிட்டேன். அனுப்பிட்டாங்க" என்று முடித்தான். "இதோ என் வாக்குமூலம். லினெட் எந்தத் தப்பும் பண்ணல. அவங்களுக்கு எதுவுமே தெரியாது."

மிஸஸ் டக்வர்த் காகிதத்தை வாங்கினாள். இந்தத் தடவை வாய்க்குள்ளேயே படித்தாள். படித்து முடித்து, லினெட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்தது.

போதும். லினெட் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வேலை நிலைக்கும், பேர் நிலைக்கும், எல்லோரும் வந்து கை கொடுப்பார்கள். எதிரே அவன் தன் மானத்தையெல்லாம் கவுண்டரில் கொட்டிவிட்டு, தலையைக் குனிந்து நிற்கிறான். அவளுக்குக் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டு நிற்கிறான்... ஐயோ.

"எனக்குத் தெரியும்" என்றாள் லினெட்.

"என்ன தெரியும்?"

"டிக்கெட்ல நம்பர் இருந்ததைப் பார்த்தேன். பலகையையும் படிச்சிருந்தேன். கைமாத்தக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன் மிஸஸ் டக்வர்த். அப்பீல்லயும் பொய்தான் எழுதினேன்."

காரெத் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் சொல்ல வராது.

"தெரிஞ்சும் எதுக்கு வாங்கினே?"

"வேணாம்னு திருப்பிக் கொடுத்தா... அவர் முகம் வாடிடும்னு தோணிச்சு. அதைப் பார்க்க என்னால முடியாதுன்னு தோணிச்சு."

"அதுக்கு முன்னாடி அவரைத் தெரியுமா?"

"தெரியாது."

"எவ்வளவு நேரம் பார்த்தே?"

"ஒரு நிமிஷம்கூட இருக்காது."

சொல்லிவிட்டாள். பதினைந்து பேர் நடுவில், வாய்விட்டு. முகம், கழுத்து, உள்ளங்கைகூடச் சூடாகிவிட்டது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. ரேடியேட்டர் பக்கத்தில் மிஸ்டர் ஓட்ஸ் என்ற கிழவர் பத்திரிகையை இறக்கினார்.

"ஏம்மா, இதுக்கா இவ்வளவு? நான் முப்பது வருஷமா யாருக்காவது கொடுத்துட்டுத்தான் போறேன். நம்ம காசு, நம்ம நேரம். அவனுங்களுக்கு என்னவாம்?"

மிஸஸ் டக்வர்த்தின் கழுத்தில் மெல்ல ஒரு சிவப்பு ஏறியது.

"போன செவ்வாய் நானும் ஒண்ணு வாங்கினேன்" என்றாள், கவுண்டரைப் பார்த்துக்கொண்டு. "அன்னைக்கு உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது லினெட். அதுவும் ஆறு பேர் முன்னாடி." ஒரு பெருமூச்சு விட்டாள். "பொய் சொன்னது தப்பு. அதைப் பத்தி உள்ள உக்கார்ந்து தனியாப் பேசறோம். வேலையை விடற பேச்சு வேணாம். இப்ப அப்பீலை உள்ளது உள்ளபடி எழுது. காசு கட்டின இடத்துல வண்டி நின்னுது, யாருக்கும் நஷ்டமில்ல. இல்லாத பொம்பளை கையெழுத்துப் போட்டா அது எப்படிச் செல்லும்னும் கேளு. அஞ்சு மணிக்குள்ள போகணும்."

கணினி மேஜையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இடையில் ஒரு முழம் இடைவெளி விட்டு. ஜன்னலில் மழை தடதடத்துக்கொண்டிருந்தது. அவன் சொல்ல, அவள் தட்டச்சு செய்தாள். தேதி, நேரம், டிக்கெட் நம்பர்... ஒருவரை ஒருவர் பார்க்காமலே எல்லாம் நடந்தது.

"நேத்து போங்கன்னு சொன்னது..." என்றாள் அவள் திரையைப் பார்த்துக்கொண்டே.

"சரியாத்தான் சொன்னீங்க."

"நானும் ஒரு பொய்க்காரிதான். அதான் அவ்வளவு கோபம் வந்துது."

படிவத்தில் அடுத்த கட்டம் வந்தது. 'சாட்சிக்கும் உங்களுக்கும் என்ன உறவு?'

லினெட்டின் விரல்கள் நின்றுவிட்டன.

"முன்பின் தெரியாதவர்னு போடுங்க" என்றான் காரெத் மெதுவாக. "அதுதான் சாட்சிக்கு நல்லது."

"பொய் எழுதினேன்னு இப்பதான் எல்லார் முன்னாடியும் சொன்னேன். மறுபடியும் எழுத மாட்டேன்."

"அப்ப என்னன்னு போடுவீங்க?"

"நீங்க சொல்லுங்க. உங்க வாக்குமூலம்தானே?"

அவன் கைகளைக் கோத்துக்கொண்டான். பிரித்தான். "எனக்கு இதைச் சொல்ல வாய் இல்ல லினெட். வேலையும் போச்சு. நாலு சனிக்கிழமை உங்களை ஏமாத்தியிருக்கேன். வெக்கமா இருக்கு. ஆனா அன்னைக்கு டிக்கெட் கொடுத்தது உதவி பண்றதுக்கு இல்ல. நீங்க அந்தக் கண்ணாடியை இறக்கணும்னுதான். அப்ப இருந்து உங்களைத் தவிர வேற நினைப்பே இல்ல. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லைதான். கட்டத்தில் ஏதோ அடித்தாள். அடித்துவிட்டுத் திரையை அவன் பக்கம் திருப்பினாள். 'முதலில் தெரியாதவர். இப்போது நான் நேசிக்கிறவர்.'

காரெத் படித்தான். இன்னொரு தடவை படித்தான். சாம்பல் நிறக் கண்கள் நிறைந்துவிட்டன.

"கம்பெனிக்காரங்களும் இதைப் படிப்பாங்களே..."

"படிக்கட்டும்" என்றாள் லினெட், முகம் சிவக்கச் சிவக்க. இடையில் இருந்த ஒரு முழத்தைத் தாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள்.